அறை எண் பூஜ்யம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மாமா, மாமாவின் முழங்கால் மூவரும் சௌக்கியமா? இங்கே நாங்கள் நலம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவு போடாத வாசல் மாதிரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விடுதியில் தங்குபவர்களுக்குக் கொடுக்கும், இணைப்பு எண் போட்ட வைஃபை சீட்டுகளை அச்சடிக்கவும் தேடிப் பார்க்கவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேனே, அதை மே மாதத்திலிருந்து வேறொரு நிறுவனம் பார்த்துக்கொள்ளப் போகிறது. ஏப்ரல் முடிவதற்குள் நான் அதற்கு ஒரு கையேடு எழுதிக் கொடுத்தாக வேண்டும். நாளைக்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்கூட, யாரையும் கேட்காமல், கையேட்டைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும் என்பது உங்கள் மேனேஜரின் கட்டளை.

எழுதியவனே சரிபார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தினமும் அந்த மேசையில் உட்காருகிற நீதான் படித்துச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் அனுப்பினால் பார்க்க மாட்டேன், தாளில் அனுப்பு, ஓரத்தில் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாய். அதுவும் நல்லதுதான். போனில் பேசினால் "சாப்பிட்டியா" முடிந்த மூன்றாவது நிமிஷம் நீ அந்தப் பேச்சை எடுப்பாய், நான் போனை வைத்துவிடுவேன். எட்டு வருஷமாக அதே கதை. கடிதத்தில் அது வராது என்று நம்புகிறேன்.

முதல் ஆறு பக்கங்களை இணைத்திருக்கிறேன். தயவுதாட்சண்யம் பார்க்காமல் திருத்து.

உன் தம்பி

---

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. குட்டி பல் இல்லாமல் ஏழாம் வாய்ப்பாடு சொல்லும் வீடியோவை அவள் அம்மா அனுப்பியிருந்தாள். எத்தனை தடவை பார்த்தாயிற்று என்று கேட்காதே.

உன் ஆறு பக்கத்தையும் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, அது புரிய வேண்டுமானால் உன் ப்ரோகிராம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவளுக்குக் கையேடு எதற்கு? எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர் யார் என்று யோசித்தாயா? எதிரே ஆஸ்பத்திரியில் ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு இங்கே அறை எடுத்திருப்பவர். கையில் ஸ்கேன் உறை, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அந்தக் கட்டுக்குள் நாம் கொடுத்த வைஃபை சீட்டு எங்கே போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் அறை எண்ணைக் கேட்டுத் தட்டினால் சீட்டு எண் வந்துவிடுகிறது. புதிதாக வந்திருக்கும் பெண் உன் ஆறு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், அதற்குள் அவருடைய ஆள் குணமாகி வீட்டுக்கே போய்விடுவார்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். வியாழக்கிழமைகளில் எங்கள் ஹாலில் வந்து உட்காரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவரிடம் கொடுத்தேன். பென்சில் கேட்டார். ஒரு மணி நேரத்தில் தாள் முழுக்கக் கோடும் குறியுமாக ஆக்கிவிட்டார். அவர் கிறுக்கல் உனக்குப் புரியாது, நானே படியெடுத்து வைத்திருக்கிறேன். மாதிரிக்கு ஒன்று:

"அழுத்தவும் என்கிறார். எதை? எத்தனை முறை? அழுத்தியதும் என்ன தெரிய வேண்டும்? அது தெரியாவிட்டால் படிப்பவர் என்ன செய்வார், மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வாரா?"

உடம்பைப் பார்த்துக்கொள். உட்கார்ந்தே வேலை செய்பவனுக்கு முதுகுதான் எதிரி.

அக்கா

---

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

முதுகு நலம், நானும் நலம். மாமாவின் முழங்காலுக்கு என் வணக்கம்.

அந்தப் பெரியவரை எங்கே பிடித்தாய்? மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வாரா என்ற வரியைப் படித்துவிட்டு ஆபீசிலேயே சிரித்தேன். பிறகு சிரிப்பு போய்விட்டது, அவர் சொன்னது அத்தனையும் சரி. பன்னிரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என்னிடம் யாரும் "சரி, அதற்கப்புறம்?" என்று கேட்டதில்லை. ஆறு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். இப்போது ஒவ்வொரு வரியிலும் எதை அழுத்துவது, அழுத்தினால் என்ன தெரியும் என்று இருக்கிறது. அறை எண் போட்டுத் தேடுவது, பெயர் போட்டுத் தேடுவது, சீட்டைக் கொடுத்தது யார், என்றைக்கு முடியும், எந்தெந்தப் போன் அதில் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் தனித்தனி.

திருத்தி எழுதிய ஆறும் புதிதாக எட்டுமாகப் பதினான்கு பக்கம் அனுப்புகிறேன். அவருக்கு நேரம் இருக்குமா? என்ன வேலை பார்த்தவர்? அவரைப் போல் ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும். நான் நன்றி சொன்னதாகச் சொல்.

தம்பி

---

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். மாமா இப்போது மாடிப்படியைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறார், ஏறுவதில்லை.

நீ நன்றி சொன்னதைச் சொன்னேன். பெரியவர் தாளை வாங்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டாய். தாளோடு வேலை பார்த்தவர். இப்போது இரண்டு தெரு தள்ளித் தனியாக ஓர் அறையில் இருக்கிறார். அங்கே இன்டர்நெட் இல்லை. வியாழன் நான்கு மணிக்கு மேல் வருவார், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கால் ஆடும் நாற்காலியில் உட்காருவார், போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்ப்பார், போய்விடுவார். யாருக்கும் தொந்தரவு இல்லை.

அவர் போடும் குறிகளில் ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லை அடித்துவிடுகிறார். பிறகு யோசித்து, அது இருக்க வேண்டியதுதான் என்று தோன்றினால், அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்து ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுகிறார். அழித்து எழுதக் கூடாதாம். முதலில் அடித்தோம், பிறகு வேண்டும் என்றோம், இரண்டும் தெரிய வேண்டுமாம்.

இந்தத் தடவை அவர் சொன்ன பெரிய திருத்தம் ஒன்றுதான்: "எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன செய்வது என்று பதினான்கு பக்கம் இருக்கிறது. தப்பாகப் போனால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அதை முதல் பக்கத்தில் போடவும். தப்பு நடந்த பிறகு யாரும் பதினான்காம் பக்கம் வரை படிக்க மாட்டார்கள்."

போன வாரம் அது எவ்வளவு உண்மை என்று பார்த்தேன். இரண்டாம் மாடியில் ஓர் அம்மாள், வீட்டுக்காரருக்கு மறுநாள் காலை ஆபரேஷன். வெளிநாட்டு மகன் அப்பாவைப் போனில் பார்க்கக் காத்திருக்கிறான், இவர் சீட்டைத் தொலைத்துவிட்டார். நான் சாப்பிடப் போயிருந்தேன். புதுப் பெண் அறை எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டுத் திரையில் ஒன்றும் வராமல் விழித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கோபப்படவே இல்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வந்து தட்டிக் கொடுத்தேன். அவர் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் கையேடு அந்தப் புதுப் பெண்ணுக்காக என்று நினைத்துக்கொண்டு எழுது.

குட்டிக்கு என் முத்தங்கள்.

அக்கா

---

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே மூவருக்கும் ஜலதோஷம், மற்றபடி குறைவில்லை.

பெரியவர் சொன்னபடி "தப்பாகப் போனால்" என்பதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவருக்குக் காட்டு.

இன்னொரு சேதி, கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். கையேட்டில் மாதிரிக்குப் போட உங்கள் விடுதியின் பழைய பதிவுகளைப் புரட்டினேன். என் மென்பொருளில் ஒரு பிழை மாட்டியது! உங்கள் விடுதியில் அறைகள் ஒன்று முதல் நாற்பது வரை. ஆனால் "அறை 0" என்று நாற்பத்து மூன்று சீட்டுகள் போயிருக்கின்றன. போன மே மாதம் தொடங்கி ஒரு வாரம்கூடத் தவறாமல், எல்லாம் வியாழக்கிழமை, எல்லாம் நான்கு பத்து வாக்கில். கொடுத்தது எல்லாமே உன் கணக்கில்தான். அறை எண் போட மறந்தால் அதுவே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது போலிருக்கிறது. நீ வேலைக் களைப்பில் கவனித்திருக்க மாட்டாய், தப்பு என்னுடையதுதான்.

ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து பூஜ்யம் போட்டால் சீட்டே வராதபடி செய்துவிடுகிறேன். கையேட்டில் இதற்கென்றே பதினைந்தாம் பக்கம் எழுதியிருக்கிறேன், அந்தப் பட்டியலையே எடுத்துக்காட்டாகப் போட்டு. மேனேஜருக்கு இருபதாம் தேதி அனுப்புகிறேன். அதற்குள் பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டால் நன்றாக இருக்கும்.

தம்பி

---

மார்ச் 14

தம்பிக்கு,

நலம்.

பதினைந்தாம் பக்கத்தை மேனேஜருக்கு அனுப்பாதே. பூஜ்யத்தில் கை வைக்காதே. அது பிழை இல்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் எழுத முடியும்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். உன் உறை வந்த மறுநாள் வியாழக்கிழமை. மேசையில் கூட்டம். கடிதத்தைப் பிரிக்காமல் பக்கங்களை மட்டும் உருவி அப்படியே பெரியவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் பக்கங்களைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா

---

மார்ச் 25

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

பக்கத்தை அனுப்பவில்லை. பூஜ்யத்தையும் தொடவில்லை. ஆனால் நீ "பிழை இல்லை" என்று எழுதிய பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. பதிவுகளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்பு தேதிகளை மட்டும்தான் பார்த்திருந்தேன். சீட்டில் சேர்ந்த போன் எது என்று பார்க்க ஒரு கட்டம் இருக்கிறதே, நான்தான் வைத்தேன், நான்தான் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த இரண்டையும் சேர்த்து நாற்பத்தைந்து வியாழக்கிழமையும் ஒரே போன். அதன் பெயர் "தூங்குமூஞ்சி".

அது என் பழைய போன். மெதுவாக வேலை செய்கிறதென்று நான் வைத்த பெயர். மூன்று வருஷத்துக்கு முன் அங்கே வந்தபோது, யாராவது இல்லாதவர்களுக்குக் கொடு என்று உன் கையில் கொடுத்தேன்.

யாருக்குக் கொடுத்தாய்?

எனக்குத் தெரியும். ஆனாலும் நீயே எழுது. அந்தப் புள்ளிகளைப் பற்றி நீ எழுதியபோதே தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் கட்டுரை நோட்டு முழுக்க அந்தப் புள்ளிகள்தான். "அதற்கப்புறம்?" என்ற கேள்வியும் நான் சோற்றோடு சாப்பிட்டு வளர்ந்ததுதான். எட்டு வருஷம் முயற்சி செய்தால் எதையும் அடையாளம் தெரியாமல் ஆக்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். நான் அந்தச் சோற்றைப் பாராட்டிச் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கு நன்றி வேறு சொல்லியனுப்பினேன்! எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

தம்பி

---

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

நானும் மாமாவும் நலம். அப்பா நலமா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் எழுதச் சிரமமாக இருந்திருக்கும்.

ஆமாம், அப்பாதான். போன மே மாதம் குட்டி மழையில் ஆடும் வீடியோ வந்தது. அவரிடம் சொன்னேன். "அனுப்பு"ன்னு மட்டும் சொன்னார். அவர் அறையில் அது திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்ததாம். மறுநாள் வியாழக்கிழமை, நடந்தே விடுதிக்கு வந்து வரிசையில் நின்றார். எல்லோரையும் போல வரிசையில், தம்பி. முறை வந்ததும், "உங்க வைஃபை கொஞ்சம் கிடைக்குமா?" என்று என்னையே கேட்டார், யாரோ மாதிரி. உன் ப்ரோகிராம் அறை எண் இல்லாமல் சீட்டு அச்சடிக்காது. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். பூஜ்யம் தட்டினேன். தங்குபவர்களுக்கு மட்டும்தான் சீட்டு என்பது எனக்குத் தெரியாமலா? தெரிந்துதான் செய்தேன். அடுத்த வாரமும் செய்தேன். அவர் அந்தக் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து உன் மகளை மட்டும்தான் பார்க்கிறார். ஏழாம் வாய்ப்பாட்டில் அவள் ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்கும்போதெல்லாம் இவர் உதடு "ஐம்பத்தாறு" என்று அசையும்.

இப்போது நீ போனை வைக்க முடியாது, அதனால் அந்தப் பேச்சையும் எழுதிவிடுகிறேன். அம்மா போன அன்று அவர் அச்சகத்தில் இருந்தார் என்பதுதானே உன் கோபம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளைப் படித்துத் திருத்துகிறவர், அம்மாவை விட்டுவிட்டுப் பிழை திருத்தப் போனார் என்று. சாயங்காலம் வந்து நின்றவரை வாசலிலேயே நிறுத்தி, "இங்க இனிமே உங்களுக்கு வேலை இல்ல, போங்க" என்றாய். அவர் போய்விட்டார்.

என்ன பிழை என்று அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். குழந்தைகளின் இருமல் மருந்து. தேக்கரண்டி என்று இருக்க வேண்டிய இடத்தில் மேசைக்கரண்டி. அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள். பதினைந்து நாள் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கண் விழித்துவிட்டு, காலையில் வேலைக்குப் போய்ப் படித்த தாள். பெட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கட்டாக இறக்கிப் பிரித்து, ஒன்றும் வெளியே போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கிளம்பியிருக்கிறார். அதற்குள் இங்கே முடிந்துவிட்டது.

அவர் வந்திருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "தப்பு என்னுது. காரணம் சொன்னா அது சின்னதாயிடுமா?" என்றார்.

உன் பதினைந்தாம் பக்கத்துக்கு வருகிறேன். நீ எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும். "அறை 0 என்று ஓர் அறை இல்லை. இந்தப் பதிவுகள் பிழையானவை. இனி அனுமதிக்கப்பட மாட்டா." கீழே அவருடைய நாற்பத்து மூன்று வியாழக்கிழமைகள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார். எழுந்து வந்து அன்றைக்குக் கொடுத்த சீட்டையும் பென்சிலையும் மேசையில் வைத்தார். "சரியாத்தான் எழுதியிருக்கான். இல்லாத அறைதானே" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வியாழக்கிழமை ஆகிவிட்டது. வரவில்லை. என் போனில் காட்டலாம் என்று அவர் அறைக்குப் போனேன். கண் வலிக்கிறது என்றார்.

உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது, உங்கள் இரண்டு பேர் மேலும்.

அக்கா

---

ஏப்ரல் 21

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். மாமா சுகம். குட்டியின் ஜலதோஷம் சரியாகிவிட்டதா?

மேனேஜரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நீ பக்கத்தை அனுப்பாவிட்டாலும் புது நிறுவனத்தார் வந்து பார்த்தால் தெரியத்தானே போகிறது. கையும் களவுமாக அகப்படுவதைவிட இது மேல். அறை இல்லாதவருக்குச் சீட்டுக் கொடுத்தேன், அவர் என் அப்பா என்றேன். மேனேஜர் மூக்கைத் தடவிக்கொண்டு, "ஒரு வருஷமாவா?" என்றார். மேசையிலிருந்து எடுத்துத் துணி அறையில் போட்டிருக்கிறார். முடிவு மே முதல் வாரத்தில். படுக்கை விரிப்புகளை எண்ணி மடிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அவை எதையும் கேட்பதில்லை. ஆனால் பதினொரு வருஷம் உட்கார்ந்த மேசை. நேற்று அந்த வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. போன வாரம் அதன் காலைச் சரிசெய்துவிட்டார்கள்.

அக்கா

---

ஏப்ரல் 29

அன்புள்ள அக்கா,

குட்டிக்குச் சரியாகிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன், அதுதான் தாமதம். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு முதலில் எதுவும் ஆடவில்லை. பிறகு ஒருநாள் குட்டி ஏழெட்டில் தடுக்கினாள். என் உதடு தானாக அசைந்தது.

கையேடு முடிந்துவிட்டது. நான்கு நாளைக்கு முன்னால் மேனேஜருக்கு அனுப்பினேன், கூடவே ஒரு கடிதமும். நீ செய்தது தப்பா என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் அதைப் பற்றி வாதாடவில்லை. தப்பு என் மென்பொருளில் என்று எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் விடுதிக்கு அறை எடுத்தவர் மட்டும்தான் வருவார் என்று நினைத்து அதைக் கட்டினேன். பகலில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களை நான் நினைக்கவே இல்லை. இப்போது அறை எண் கேட்காத "வருகையாளர் சீட்டு" ஒன்று சேர்த்திருக்கிறேன், வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதற்கு அவர் சம்மதித்துவிட்டார். உன் மேசையைப் பற்றி மட்டும் பிடி கொடுக்கவில்லை.

பழைய பூஜ்யங்களை அழிக்கவில்லை. அப்படியே புதுப் பெயருக்கு மாற்றிவிட்டேன்.

இதோடு ஒரு தாள் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். அவரிடம் கொடு. முதல் வரியில் "அப்பாவுக்கு" என்று எழுதி அடித்திருக்கிறேன். சுத்தமாக மறுபடி எழுதலாம் என்று உட்கார்ந்தால் அனுப்பவே மாட்டேன் என்று தெரியும். அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

தம்பி

---

ஏப்ரல் 29

பதினைந்தாம் பக்கத்தைப் படித்தவருக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண் வலி என்று அக்கா எழுதியிருந்தாள், பார்த்துக்கொள்ளவும்.

நீங்கள் சொன்ன திருத்தங்கள் எல்லாவற்றையும் செய்துவிட்டேன். தப்பாகப் போனால் என்ன செய்வது என்பது முதல் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வேலைக்கு வந்திருக்கும் புதுப் பெண் அதை வைத்துக்கொண்டு தனியாகவே சீட்டைத் தேடி எடுக்கிறாளாம். மேனேஜர் சொன்னார்.

கையேட்டில் அந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். எனக்கென்று ஒன்று எழுதத் தெரியவில்லை. நான் அன்றைக்கு வாசலில் சொன்னது தப்பு. என்ன நடந்தது என்று தெரியாமல் சொன்னேன் என்பது காரணம், ஆனால் காரணம் சொன்னால் அது சின்னதாகிவிடாது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. அம்மா கடைசியில் உங்களைத்தான் கேட்டாள். அதை உங்களிடம் சொல்லாமல் எட்டு வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன், தண்டனை மாதிரி. அதுவும் தப்பு.

புதுப் பதினைந்தாம் பக்கம் இத்துடன் இருக்கிறது. அதில் "இல்லாத அறை" என்ற வரி இல்லை. படித்துப் பார்க்கவும்.

மே பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, நான்கு பத்துக்குக் குட்டி உங்கள் போனுக்குக் கூப்பிடுவாள். அவளுக்கு ஏழெட்டில் இன்னும் தடுக்குகிறது. நான் பக்கத்தில் இருப்பேன்.

இதில் பிழை இருந்தால் திருத்தவும்.

---

மே 8

அன்புத் தம்பிக்கு,

மாமா, முழங்கால், நான் எல்லோரும் நலம். இந்தத் தடவை அப்பாவையும் சேர்த்துக்கொள். அவரும் நலம்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார், வாங்கிக்கொண்டேன், நியாயம்தான். பிறகு, "துணி அறையில் நீங்க மடிக்கிற மடிப்பு சகிக்கல. மேசைக்கே போங்க" என்றார். வந்து உட்கார்ந்துவிட்டேன். புதுப் பெண் உன் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கே வகுப்பு எடுக்கிறாள்.

உன் தாளை அப்பா அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் இருக்கும்போது பிரிக்கவில்லை. ஜன்னலோரம் வைத்துவிட்டு, "மாமாவுக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று வியாழக்கிழமை. நான்கு பத்துக்கு வரிசையில் நின்றார். முகச்சவரம் செய்திருந்தார். முறை வந்ததும் வருகையாளர் சீட்டு அச்சடித்துக் கொடுத்தேன். அறை எண் எழுதும் இடமே அதில் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்தவர், அது ஆடவில்லை என்று திடுக்கிட்டு எழுந்து மறுபடி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் குட்டியைப் பார்த்தார். போகும்போது அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "திருத்திட்டேன், அவனுக்கு அனுப்பிடு" என்றார்.

பதினான்காம் தேதி வருவாரா என்று கேட்டேன். மூன்றே முக்காலுக்கே வந்துவிடுவாராம், வரிசை நீளமாக இருந்தால் என்ன செய்வது என்று.

இந்த முறை நான் படியெடுக்கவில்லை. அவர் கையெழுத்து உனக்குப் புரியும். தாளை அப்படியே இணைத்திருக்கிறேன். உன் கடிதம் முழுக்க ஒரே ஓர் இடத்தில்தான் பென்சில் பட்டிருக்கிறது. முதல் வரியில் நீ எழுதி அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்திருக்கிறார். பென்சிலைக் கொஞ்சம் அழுத்திவிட்டார் போல, இரண்டு இடத்தில் தாளில் பொத்தல் விழுந்திருக்கிறது.

ஓரத்தில் எழுதியிருக்கிறார்: இருக்கட்டும்.

அக்கா